கறுப்புப் பூனையின் மீசை: பென்டெல் பாக்கெட் பிரஷ் பேனா எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது

கறுப்புப் பூனையை மையில் வரையும்போது மீசைதான் பேனாவுக்குப் பரீட்சை. முகம் முழுக்கக் கறுப்பை நிரப்பி, காய்ந்தபின் வெள்ளை ஜெல் பேனாவால் மீசையை இழுப்பது ஒரு வழி. மீசை வரவேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் கறுப்பைக் கொண்டுவந்து நிறுத்துவது இன்னொரு வழி. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜெல் பேனா மீசை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் இருக்கும், நுனி மழுங்கியிருக்கும், கறுப்பின் மேல் ஒட்டிவைத்த நூல் போலத் தெரியும். விட்டுவைத்த மீசை கன்னத்தில் சற்றுத் தடித்துத் தொடங்கிப் போகப்போக மெலிந்து, இரு பக்கக் கறுப்பும் சேரும் இடத்தில் காணாமல் போகும். அது தாளின் சொந்த வெள்ளை. பின்னணியில் உள்ள வெள்ளையும் அதுவும் ஒன்றே என்பதால் படம் முழுக்க ஒரே வெளிச்சம் இருக்கும்.

நெகட்டிவ் ஸ்பேஸ் என்று ஓவியர்கள் சொல்வது இந்த விட்டுவைத்தலைத்தான். இந்த வேலைக்கு ஒரு பேனாவை எடைபோடும்போது அது எவ்வளவு அழகாகக் கோடு இழுக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், கறுப்பை நாம் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பென்டெல் பாக்கெட் பிரஷ் அந்த ஒரு விஷயத்தில் மிக நன்றாகச் செய்கிறது. வேறு சில விஷயங்களில் அதை நம்பக்கூடாது.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். பார்க்கச் சாதாரண ஃபவுண்டன் பேனா அளவுதான். முனையில் நிப்புக்குப் பதிலாக உண்மையான தூரிகை, அதாவது தனித்தனி நைலான் இழைகள். ஃபெல்ட் முனை வைத்து 'பிரஷ் பேனா' என்ற பெயரில் விற்கப்படுபவை பல உண்டு, அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே கார்ட்ரிட்ஜ். தீர்ந்தால் எஃப்பி10 என்ற மாற்று கார்ட்ரிட்ஜை வாங்கிப் போடலாம். மை நிறமி வகை, காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. இதே நிறுவனத்தின் கலர் பிரஷ் என்ற பேனாவும் கடைகளில் பக்கத்திலேயே தொங்கும். அதன் சாய மை ஈரம் பட்டால் கரைந்து ஓடும். மேலே வெள்ளை மை வைத்தால் சாம்பலாகிவிடும். வாங்கும்போது உறையைப் படித்து வாங்குங்கள்.

முதன்முதலாகத் திறக்கும்போது பலர் தடுமாறுவது ஒரு பிளாஸ்டிக் வளையத்தில். பேனாவின் முன்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே அது இருக்கும். பயணத்தில் கார்ட்ரிட்ஜ் குத்துப்பட்டு மை கசியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்ட்ரிட்ஜைச் செருகி, உடலைக் கடைசிவரை இறுக்கித் திருக வேண்டும். வளையத்தோடு திருகினால் கார்ட்ரிட்ஜ் துளைபடாது, மை வராது, பேனா பழுது என்று முடிவுகட்டிவிடுவார்கள். திருகியபின் முனையைக் கீழ்நோக்கிச் சற்று நேரம் நிறுத்திவைத்தால் மை தானாக இறங்கும். அவசரமென்றால் உடலைக் கழற்றிக் கார்ட்ரிட்ஜை விரலால் மிக மெதுவாக ஒருமுறை அழுத்தலாம். இரண்டு மூன்று முறை அழுத்தினால் தூரிகை மையில் ஊறி, முதல் கோடே குளமாகிவிடும். எப்படி இருந்தாலும் முதல் பத்துப் பதினைந்து கோடுகள் கழிவுத் தாளில்தான்.

இனி விளிம்புக்கு வருவோம். இந்தப் பேனாவுக்காகக் காசு கொடுப்பதே இதற்காகத்தான்.

சாய்த்துப் பிடித்து அழுத்தினால் தூரிகையின் நுனி கையிலிருந்து விலகிய பக்கம் நீளும், வயிறு, அதாவது தூரிகையின் தடித்த நடுப்பகுதி, கையின் பக்கம் படியும். நுனி ஓடும் பக்கம் கோட்டின் விளிம்பு கத்தி போலக் கூர்மையாக விழும். வயிறு ஓடும் பக்கம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், தாளின் மேடுபள்ளம் அங்கே தெரியும். ஆகவே வெள்ளையாக விடவேண்டிய பகுதி எப்போதும் நுனிக்கு அப்பால் இருக்க வேண்டும், கறுப்பாகப் போகும் பகுதி கைப்பக்கம் இருக்க வேண்டும். ஒரு இலையின் வெளிவிளிம்பைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் தாளைத் திருப்புங்கள், மணிக்கட்டை முறுக்காதீர்கள். தாளைப் பலகையோடு ஒட்டிவைத்திருந்தால் பலகையையே திருப்பலாம். விளிம்பு பிசிறடிக்கிறது என்று தாளைக் குறை சொல்பவர்களில் பலர் வெள்ளைப் பக்கம் வயிற்றை ஓட்டியிருப்பார்கள்.

மீசைக்குத் திரும்பினால், முறை இது. மீசையின் வளைவைப் பென்சிலில் ஒற்றைக் கோடாக மட்டும் குறியுங்கள். அதன் ஒரு பக்கத்து விளிம்பை வேரிலிருந்து நுனி வரை ஒரே வீச்சில் போடுங்கள், நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு முடிச்சு விழும். தாளை அரைவட்டம் திருப்பி, மறுபக்க விளிம்பை மீசையின் நுனியில் தொடங்கி வேரை நோக்கி இழுங்கள். இரண்டு கறுப்பும் சந்திக்கும் புள்ளியில் கோட்டைத் தொடங்குவது எளிது, கோட்டைக் கொண்டுபோய் அந்தப் புள்ளியில் துல்லியமாக முடிப்பது கடினம். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் முதலில் ஒன்றரை விடுங்கள். ஈர மை தாளில் கொஞ்சம் பரவும், இடைவெளி தானாகவே சுருங்கும். காய்ந்தபின் அகலமாகத் தெரிந்தால் ஒரு பக்கம் மட்டும் மெல்லக் கூட்டிக்கொள்ளலாம். கறுப்பைக் கூட்டுவது எப்போதும் கையில் இருக்கிறது, குறைப்பது இல்லை.

அழுத்தத்துக்கு இந்தத் தூரிகை உடனே பதில் சொல்லும். மயிரிழைக் கோட்டிலிருந்து சில மில்லிமீட்டர் அகலம் வரை ஒரே வீச்சில் போகலாம், கையைத் தூக்கினால் இழைகள் மறுபடி கூராகச் சேரும். விலங்கு மயிர்த் தூரிகைகளைவிட நைலானுக்குத் திமிறல் அதிகம், ஊறிக்கிடந்து மை பிடிக்கும் குணம் குறைவு. கனத்த கை உள்ளவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். எல்லாக் கோடும் வேண்டியதைவிடத் தடித்து விழும். சுண்டுவிரலைத் தாளில் ஊன்றி, உயரத்தை அதைக்கொண்டு கட்டுப்படுத்தப் பழகினால் சரியாகிவிடும்.

காய்வதில் இந்த மை மெதுவானது. வழவழப்பான பிரிஸ்டல் தாளில் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால் இன்னும் மெதுவாகும். மெல்லிய கோடு விரைவில் பிடித்துக்கொள்ளும், அழுத்திப் போட்ட பட்டை பல நிமிடங்கள் ஈரமாகவே இருக்கும். அதன் மேல் உள்ளங்கை படிந்தால் பக்கத்து வெள்ளை போயிற்று. நெகட்டிவ் ஸ்பேஸ் படத்தில் வெள்ளையில் விழும் ஒரு இழுப்புக் கறை, சாதாரணக் கோட்டுப் படத்தில் விழும் பத்துக் கறைக்குச் சமம், ஏனென்றால் அதை மறைக்க அங்கே வேறு கோடுகளே இல்லை. கைக்கடியில் எப்போதும் ஒரு சுத்தமான தாள் இருக்கட்டும். வலக்கைக்காரர்கள் இடது மேல்மூலையிலிருந்து இறங்கி வாருங்கள், இடக்கைக்காரர்கள் வலது மேல்மூலையிலிருந்து. இடக்கையால் வரைபவர்களுக்கு இதை வாங்கச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, குறிப்பாக வழவழப்புத் தாளில்.

அழிப்பானும் இதே கதை. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தடித்த கறுப்பை உடனே அழிப்பானால் தேய்த்தால் இழுபடும். முழுதாகக் காய்ந்த பிறகும் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு நிறமி கொஞ்சம் கிளம்பி, கறுப்பு சாம்பல் பூத்துப்போகும். மை வைப்பதற்கு முன்பே பிசையும் அழிப்பானைப் பென்சில் கோடுகள்மேல் உருட்டி, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவுக்குக் குறைத்துவிட்டால் பிறகு தேய்க்கும் வேலையே அநேகமாக இராது. மீதிப் பென்சிலை மறுநாள் அழியுங்கள்.

தாள் சரியில்லையென்றால் எந்தப் பேனாவும் உதவாது. தாளின் மேல் பசைப்பூச்சு குறைவாக இருந்தால் மை நார்களின் வழியே ஊர்ந்து விளிம்பில் சிலந்திக்கால் போல் பரவும். அச்சுப்பொறித் தாளில் இது சாதாரணம். ஸ்ட்ராத்மோர் 300 வரிசையின் 270 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 270 கிராம்) வழவழப்பு பிரிஸ்டல் இந்தப் பேனாவுக்குப் போதுமானது. ஹாட் பிரஸ், அதாவது சூடாக அழுத்தி வழவழப்பாக்கிய வாட்டர்கலர் தாள், 300 ஜிஎஸ்எம், இன்னும் நல்லது. மை கொஞ்சம் உள்ளே இறங்குவதால் சீக்கிரம் காயும், பெரிய நிரப்பலுக்கும் வளையாது. கோல்ட் பிரஸ் தாளின் மேடுபள்ளத்தில் கூர்மையான விளிம்பு எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது, இந்தப் பேனா செய்யக்கூடாத வேலை. உள்ளங்கை அளவைத் தாண்டிய கறுப்பை இதால் நிரப்பாதீர்கள். கார்ட்ரிட்ஜ் சிறியது, மளமளவென்று தீரும். அதைவிடப் பெரிய குறை, கோட்டின் மேல் கோடு ஏறிய இடங்கள் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது. பேனாவை விளிம்புக்கு வைத்துக்கொண்டு, நடுவுக்குப் பாட்டில் இண்டியன் இங்க்கை, அதாவது கரித்தூள் கறுப்பு மையை, எடுங்கள். விளிம்பை ஒட்டி மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் பேனாவால் ஒரு கரை கட்டி, அது காய்ந்தபின் 6 அல்லது 8ஆம் எண் வட்டத் தூரிகையால் உள்ளிருந்து அந்தக் கரை மேல் ஏறும்வரை நிரப்ப வேண்டும். வெள்ளைக்கு அருகே பெரிய தூரிகை போகவே தேவையில்லை.

நிரப்புவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. தாளின் நான்கு பக்கமும் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். பலகையின் மேல்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். மேலிருந்து தொடங்கி, ஈரமான முன்விளிம்பைக் காயவிடாமல் கீழே கொண்டுவாருங்கள். பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பிப்போய்த் தொட்டால் அங்கே மினுமினுப்பு மாறும், தழும்பு நிற்கும். முதல் பூச்சு முழுதாகக் காய்ந்தபின் இரண்டாவது பூச்சைக் குறுக்குத் திசையில் போடுங்கள். பாட்டிலைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் நுரைக்குமிழ்கள் வரும், அவை தாளில் உடைந்து ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகளை விட்டுச்செல்லும். ஒரு குச்சியால் அடியில் கலக்கினால் போதும். புள்ளிகள் விழுந்துவிட்டால் பிக்மா மைக்ரான் 01, அதாவது 0.25 மில்லிமீட்டர், அவற்றை ஒவ்வொன்றாக அடைக்கச் சரியான அளவு.

இண்டியன் இங்க்கைப் பாக்கெட் பிரஷ் கார்ட்ரிட்ஜில் நிரப்பலாமா என்று அடிக்கடிக் கேட்கப்படுகிறது. கூடாது. வழக்கமான நீர்ப்புகா இண்டியன் இங்க் கரித்தூளும் ஷெல்லாக் என்ற அரக்குப் பிசினும் சேர்ந்தது. தாளில் அது உறுதியாகப் பிடிப்பதற்குக் காரணமான அதே பிசின் பேனாவின் உள்வழியில் இறுகிவிட்டால் பிறகு தண்ணீரால் கரைக்க முடியாது. நல்ல மயிர்த் தூரிகையையும் அது கெடுக்கும். உலோக வளையத்துக்குள் மை காய்ந்தால் இழைகள் விரிந்து நுனி போய்விடும். நிரப்பலுக்கு விலை குறைந்த செயற்கை இழைத் தூரிகை போதும், வேலை நடுவிலும் அடிக்கடி தண்ணீரில் அலசுங்கள்.

எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்ற முடிவு பேனாவைத் திறப்பதற்கு முன்னால் எடுக்கப்பட வேண்டியது. ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டரில் மூன்று சிறு வரைவுகள், தடித்த மார்க்கரில், சாம்பலே இல்லாமல். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது பொருள், எது பின்னணி என்று உடனே பிரிந்து தெரிய வேண்டும். கறுப்பும் வெள்ளையும் பாதிப்பாதியாக நின்றால் கண் இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915ல் ஆராய்ந்த, பூச்சாடியா இரண்டு முகங்களா என்று மாறிமாறித் தெரியும் படம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஊசலாட்டம் வேண்டுமென்றே தேவைப்பட்டால் தவிர, ஏழுக்கு மூன்று என்ற அளவில் ஏதேனும் ஒன்றை ஓங்கவிடுங்கள். பெரிய தாளுக்கு மாற்றும்போது கறுப்பாகப் போகும் ஒவ்வொரு பகுதியிலும் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போடுவது காமிக்ஸ் ஓவியர்களின் பழைய வழக்கம். மை வைக்கும் சூட்டில் விரல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளி கறுப்பா வெள்ளையா என்று மறந்துபோவது மிக எளிது, அந்தக் குறி காப்பாற்றும்.

இன்னொன்றையும் வரைவிலேயே முடிவுசெய்யுங்கள்: எந்த விளிம்பை வரையாமலே விடப்போகிறீர்கள்? கறுப்புக் கோட்டின் பக்கத்தில் கறுப்பு நிழல் வந்தால் நடுவே வெள்ளைக் கீற்று இழுத்துப் பிரிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் வந்தால் கோடே வேண்டாம். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் ஃபெலிக்ஸ் வாலட்டன் 1890களில் செய்த மரச்செதுக்கு அச்சுகளில் ஆடையும் அறையின் இருட்டும் ஒரே கறுப்பாகக் கரைந்துகிடக்கும், முகமும் கையும் மட்டும் மிதந்துவரும். மிச்ச உடலைப் பார்ப்பவர் கண் தானாகவே பூர்த்திசெய்துகொள்கிறது. மரத்தில் வெள்ளையைச் செதுக்கி எடுக்க வேண்டும், மையில் வெள்ளையைக் காப்பாற்ற வேண்டும். வேலை தலைகீழ் என்றாலும் அவர் எதை வரையாமல் விட்டார் என்று பார்ப்பதே பெரிய பாடம். சுற்றிலும் கோடு போட்டுவிட்டு உள்ளே கறுப்பைக் கொட்டும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாக்கெட் பிரஷ் ஒரு விதத்தில் நல்ல வாத்தியார். அது கோட்டைவிடப் பகுதியைப் போடுவதற்கே சௌகரியமாக இருக்கிறது.

வெள்ளை மை பற்றிச் சுருக்கமாக. யூனிபால் சிக்னோ யுஎம்-153, ஒரு மில்லிமீட்டர் முனை, கண்ணின் ஒளிப்புள்ளி போன்றவற்றுக்கு நன்று. அடியில் உள்ள மை முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும், பேனாவை அழுத்தாமல் மை உருண்டு இறங்கும்படி மெதுவாக நகர்த்த வேண்டும். அழுத்தினால் பந்து கறுப்பைச் சுரண்டி நடுவில் பள்ளம் விழும். பரப்பைத் திருத்த டாக்டர் பி.ஹெச். மார்ட்டின்ஸ் பிளீட்ப்ரூஃப் ஒயிட்டைச் சில துளி தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, தூரிகையால் வைக்கலாம். ஆனால் எந்த வெள்ளை மையும் தாளின் வெள்ளையோடு நிறத்தில் ஒத்துப்போகாது, அதுவும் இளமஞ்சள் சாயல் உள்ள பருத்தித் தாளில் நீலமாகத் தெரியும். கனமான தாளாக இருந்தால் சிறிய வழிசலைக் கூரான பிளேடின் விளிம்பால் மெல்லச் சுரண்டி எடுப்பது பல சமயம் மேல். சுரண்டிய இடத்தில் மறுபடி மை வைக்கக்கூடாது, நார்கள் திறந்திருப்பதால் பரவும்.

மாஸ்கிங் ஃப்ளூயிடை, அதாவது வெள்ளையாக விடவேண்டிய இடத்தில் பூசி, மை காய்ந்தபின் உரித்தெடுக்கும் ரப்பர் திரவத்தை, இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மழைத்துளி, நட்சத்திரம் போலச் சிதறல் வேண்டுமென்றால் வாட்டர்கலர் தாளில் பயன்படுத்தலாம். பிரிஸ்டலில் உரிக்கும்போது தாளின் தோலும் சேர்ந்து வர வாய்ப்புண்டு. விளிம்பும் ரப்பர் படலத்தின் விளிம்பாக உருண்டையாகத்தான் இருக்கும், தூரிகையின் கூர்மை வராது.

படத்தை அச்சுக்கோ திரைக்கோ கொண்டுபோவதானால் நிரப்பல் தழும்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 600 டிபிஐயில் கறுப்பு-வெள்ளையாக ஸ்கேன் செய்தால் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். ஆனால் உலர்தூரிகையின், அதாவது மை குறைந்த தூரிகையால் இழுத்த சொரசொரப்பான கோடுகளின், சாம்பல் சாயல் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பகுதிகள் இருந்தால் கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்து, படத்திருத்த மென்பொருளில் கறுப்பு-வெள்ளை அளவை மாற்றும் லெவல்ஸைக் கையால் சரிசெய்யுங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் மூலப் படத்துக்கு மட்டும் பேனா மையும் பாட்டில் மையும் வெளிச்சத்தில் வேறுவேறாக மின்னும் என்பதை முன்பே ஒரு துண்டுத் தாளில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மாற்று? குரெடாகே 13ஆம் எண் பேனா அநேகமாக இதே வகை, நைலான் தூரிகை, கார்ட்ரிட்ஜ். எது கையில் நன்றாக உட்காருகிறதோ அதை எடுக்கலாம். டோம்போ ஃபுடெனோசுகே இழைத் தூரிகை இல்லை, வளையும் ஒற்றை முனை. கட்டுப்பாடு எளிது, தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது, ஆனால் அகலம் போதாது, முனையும் தேயும். வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 போன்ற கோலின்ஸ்கி (ஒருவகை மரநாய் இன விலங்கு) மயிர்த் தூரிகையை மையில் தோய்த்து வரைவதற்கு இந்தப் பேனா இணையல்ல. அந்த நுனியின் மென்மை நைலானில் கிடைக்காது. மை பாட்டிலும் தண்ணீர்க் குவளையும் இல்லாமல், மடியில் தாளை வைத்துக்கொண்டு அதற்கு மிக அருகில் வரமுடிகிறது என்பதே பென்டெலின் பெருமை.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று முக்கியம். மூடியை நேராக, மெதுவாகப் போடுங்கள். ஓர் இழை மூடியின் விளிம்பில் சிக்கி மடிந்தால் அது கோட்டுக்கு வெளியே தனியாக ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொண்டே வரும், நீங்கள் காப்பாற்றிய வெள்ளையின் நடுவில். மடிந்த முனையைச் சில நொடி வெந்நீரில் காட்டி, விரலால் கூராக்கி உலரவிட்டால் நைலான் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். வராவிட்டால் அந்த ஓர் இழையை மட்டும் வேரோடு வெட்டிவிடுங்கள். விமானப் பயணத்தில் முனை மேல்நோக்கி இருக்கட்டும், காற்றழுத்தம் மாறும்போது மூடிக்குள் மை கொட்டும்.

கார்ட்ரிட்ஜ் தீரும் தறுவாயில் கோடு வெளிறி, இழை இழையாகப் பிரிந்து விழத் தொடங்கும். உடனே மாற்றிவிடாதீர்கள். மயிரடர்ந்த விளிம்புக்கு அந்த நிலைதான் அருமை. பூனையின் முதுகு வெள்ளைப் பின்னணியைத் தொடும் இடத்தில் பேனாவைப் படுக்கவைத்து, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வெளியே விரைவாகச் சுண்டினால் ஒரே வீச்சில் முப்பது நாற்பது மயிர்கள் விழும். இரண்டு பேனா வைத்திருப்பவர்கள் ஒன்றில் எப்போதும் மையைக் குறைத்தே வைத்திருப்பது இதற்காகத்தான்.